லைற் பிடித்தவன்

விசாரணைப் படிவத்தில் ஆறாம் கேள்வி:
சம்பவ நேரம் நீர் எங்கே நின்றீர்?
அறையில், படித்துக்கொண்டு, என்று எழுதினேன்.
நீல மை. எழுத்து வழமைபோல வலப்பக்கம் சாய்ந்தது.

நின்றது கலட்டியில், ஒழுங்கை முடிகிற இடத்தில்,
ஆரோ பாதி கட்டி விட்டுப்போன வீட்டுக்குள்.
கையில் போன் லைற்.
"கொஞ்சம் மேல பிடியடா" என்றான் வாகீசன்.
பிடித்தேன்.

முந்தின வருடம்
அதே சீமெந்துத் தரையில் முழங்காலில் இருந்தவன் நான்.
அன்று என் முகத்தில் அடித்த வெளிச்சத்தைப் பிடித்தவன் ஆரென்று
இன்றுவரை தெரியாது.
வெளிச்சத்துக்குப் பின்னால் நிற்பவனுக்கு முகம் இல்லை.
அந்த இடத்தை நானாகத்தான் கேட்டு வாங்கினேன்.

றெக்சியன். பேசாலை.
கணிதம், முதலாம் வருடம்.
நீளக்கைச் சேட், இறப்பர் செருப்பு,
இரண்டும் எங்கள் சட்டம்.
இரவுக் கடலுக்குப் போகிறவரின் மகன்,
இருட்டில் சும்மா நின்றான்.
லைற் பட்டபிறகுதான் கண்ணை மூடினான்.

என்ன செய்தோம் என்று இதில் எழுதமாட்டேன்.
எழுதினால் அதுவும் இன்னொரு வீடியோ.
ஒன்று மட்டும்:
இடையில் ஒருக்கால் என் பெயரைச் சொன்னான்.
அண்ணை என்றில்லை. பெயர்.
எப்படிக் கண்டான் என்று யோசித்து யோசித்து
மூன்றாம் நாள்தான் பிடிபட்டது.
லைற்றை மறைத்த என் பெருவிரலில் பிளாஸ்டர்.
அன்று காலை சயிக்கிள் செயின் வெட்டி இரத்தம் வடிய
கன்ரீன் வாசலில் வைத்து
அவன்தான் சுற்றிவிட்டான்.
"நனைக்காதேங்கோ" என்று வேறு சொன்னான்.

பிறகு அவன் வரவில்லை.
பீடத்தில் அதற்கு ஒரு சொல் இருந்தது: இடைவிலகல்.
காரணம்: சொந்தக் காரணம்.
வாகீசன் குழுவில் போட்டான்:
ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை, சரியோ.
முப்பத்தியொரு பெருவிரல் வரிசையாக நிமிர்ந்தது.
என்னுடையதும்.
பிளாஸ்டர் அதற்குள் கழன்றிருந்தது.

போர்டிங் அன்ரி நேற்றுக் கேட்டார்:
"உந்த மன்னார்ப் பெடியன்ர சயிக்கிளை ஆரும் எடுக்கிறீங்களோ,
இல்லாட்டிப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்கவோ?"
நான் வைச்சிருக்கிறன் அன்ரி, என்றேன்.
பூட்டை உடைக்க மனமில்லை.
பின்பக்கத்தைத் தூக்கி முன்சில்லில் உருட்டி
என் ஜன்னலடிக்குக் கொண்டுவந்தேன்.
காற்றடித்தேன். விடிய முன்சில்லு சப்பி.
திரும்ப அடித்தேன். மத்தியானம் சப்பி.

புதுப் பட்ச் திங்கள் வருகுது.
"போனைச் சார்ஜ் போட்டு வை" என்று மெசேஜ்.

கிளார்க்கிடம் போய்
பழைய படிவத்தைத் திருப்பிக் கேட்டேன்.
"குடுத்ததைத் தரேலாது தம்பி,
வேணுமெண்டால் புதுசு ஒண்டு நிரப்பும்."

நிரப்புகிறேன்.
ஆறாம் கேள்விக்கு மூன்று வரிதான் விட்டிருக்கிறார்கள்.
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் முழுக்க வெள்ளை.
அங்கிருந்து தொடங்குகிறேன்:
கலட்டி, இரவு ஒன்பதே முக்கால், கையில்