ஏதேனும் ஒரு பட்டம்

அறிவிக்கையில் அப்படித்தான் இருந்தது.
உயரம் சொல்லியிருந்தார்கள், நூற்று ஐம்பத்திரண்டு.
வயது சொல்லியிருந்தார்கள்.
கண்ணுக்கு ஒரு கணக்கு, பல்லுக்கு ஒரு கணக்கு,
பாதம் தட்டையாக இருக்கக் கூடாது.
மூன்று வருடம் எதைப் படிப்பது என்பதை மட்டும்
என் இஷ்டத்துக்கு விட்டிருந்தார்கள்.

செக்கானூரணி பிரௌசிங் சென்டரில்
பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கொடுத்து எடுத்த தாளில்
அந்த ஒரு சொல்லைப் பேனாவால் வட்டமிட்டேன்.
அதுவரை யாரும் என்னிடம்
ஏதேனும் என்று சொன்னதில்லை.
பள்ளிக்கூடத்தைத் தூரம் முடிவு செய்தது,
குரூப்பை மார்க்,
சைக்கிளின் நிறத்தை அரசாங்கம்.

அப்பா ஜேசிபி சீட்டைவிட்டு இறங்காமலே சொன்னார்:
"பி.காம் எடு. பட்டாளம் இல்லேன்னா பேங்க்கு."
சலேத்மேரி இயற்பியல் என்றாள்.
"ராக்கெட்டு ரேடாருன்னு ரெண்டு வார்த்தை விடு, அசந்துருவாங்க."
சித்தி மகன் தவசிக்கு அரசியல் அறிவியல்,
பேப்பர் படித்தால் போதுமாம்.

ஒன்றில் மட்டும் மூவரும் ஒத்துப்போனார்கள்.
பெங்களூரில் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பார்கள்,
மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்
எப்படியும் கேட்பார்:
ஏன் இந்தப் பாடம்?

இருபத்தோரு வயதில் வரப்போகும் கேள்விக்குப்
பதினேழு வயதில், டவுன் பஸ் படிக்குப் பக்கத்தில் நின்று
ஒத்திகை பார்த்தேன்.
இயற்பியல் சார், ஏனென்றால்...
பிரேக் அடித்ததில் கம்பியில் கை வழுக்கியது.
வணிகவியல் சார், சிறுவயதிலிருந்தே...
கண்டக்டர் சில்லறை கேட்டார்.
பொய் சொல்ல எனக்கும் வரும்.
ஆனால் மூன்று வருடம் தினமும் காலையில் எழுந்து
அந்தப் பொய்க்கு நோட்ஸ் எடுக்க வேண்டுமே.

ஓடுவது கொக்குளம் கண்மாய்க் கரையில்.
இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்.
வெட்டச் சொல்லி உத்தரவு வந்த வருடம்
நாற்பது நாள் அப்பாதான் வேரோடு பிடுங்கினார்.
அந்தக் காசில்தான் அக்கா மகனுக்குக் காது குத்தினோம்.
அடுத்த ஐப்பசி தாண்டுவதற்குள்
எல்லாம் திரும்ப எழுந்து நின்றன,
யாரோ விசில் ஊதினாற்போல.

எங்கிருந்தோ யாரோ கொண்டுவந்த செடி.
காயை ஆட்டுக்குக் கொடுத்து
புழுக்கையில் ஏறி ஊர் ஊராகப் போனது.
ஒரு வேட்டுச் சத்தம் இல்லாமல்
இத்தனை மண்ணை எப்படிப் பிடித்தது?
வேர் எவ்வளவு ஆழம் என்று அப்பாவிடம் கேட்டேன்.
"பக்கெட்டு எட்டுற வரைக்கும் பாத்தேன்.
அதுக்குக் கீழ தெரியாது."
அப்பா தெரியாது என்று சொன்னதில்
எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

நாகமலை அடிவாரத்துக் கல்லூரி விண்ணப்பத்தில்
விருப்பப் பாடத்துக்கு மூன்று கட்டங்கள்.
முதலாவதில் தாவரவியல் என்று எழுதினேன்.
கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"வனப்பேச்சி. டீச்சருக்கா?"
"ராணுவத்துக்கு சார். ஆபீசர்."
"அங்க போயி செடிக்குத் தண்ணி ஊத்தவா?"
வரிசை மொத்தமும் சிரித்தது.
எனக்குமே சிரிப்பு வந்துவிட்டது.
"மத்த ரெண்டையும் நிரப்பும்மா,
காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காது."
ஏதேனும், என்று எழுதினேன், இரண்டிலும்.
அவர் அதை அடித்துவிட்டு
வரலாறு, பொருளியல் என்று
அவர் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கேன்வாஸ் ஷூவைத் திருப்பினால்
காலையில் ஏறிய முள் உள்ளேயே ஒடிந்து கிடந்தது.
ஊக்கால் நோண்டி எடுத்தேன், ஒரு விரல்கடை நீளம்.
எறியப் போனவள்
ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு மூடினேன்.

நாளைக்கும் அதே கரைதான்.
இன்னும் இருபது நொடி குறைக்க வேண்டும்.