மொத்தக் கடினத்தன்மை

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு
மூன்று மதுக்கடை.
சனிக்கிழமை கடலூர் பஸ் வந்து நின்றால்
மூன்றும் போதாது.
இதில் நீ வேறு காய்ச்ச வேண்டுமா
என்று கேட்டார் சவரிராயன்.
அவர் குடிப்பதில்லை.
கேட்டுவிட்டு
பிரியாணிக் குண்டானை மாடிக்குத் தூக்கி வந்தார்.

எனக்குத் தண்ணீரில்தான் உத்தியோகம்.
ஊர் ஊராய்ப் புட்டியில் வந்து சேரும்.
சொட்டுச் சொட்டாய்க் கரைசல் விட்டு
சிவப்பு நீலமாகும் இடத்தில் நிறுத்தி
எண்ணை எழுதுவேன்.
எங்கள் வீட்டு போர்வெல்லுக்கும்
நானே எழுதி நானே கையெழுத்திட்டேன்:
குடிக்க உகந்ததல்ல.
குழாய்முனையில் சுண்ணாம்பு மூக்குத்தி,
கெட்டிலுக்குள் வெள்ளைப் பொருக்கு.
துவரம்பருப்பு ஐந்து விசிலுக்குப் பிறகும்
நான் ஏன் வேகவேண்டும் என்று கிடக்கும்.

இங்கிலீஷ்காரன் கறுப்பு ஏலுக்கு
இந்தத் தண்ணீர்தான் வேண்டுமாம்.
வறுத்த தானியத்தின் புளிப்பை
இதன் சுண்ணாம்பு தாங்கிப் பிடிக்குமாம்.
படித்த இரவு தூக்கமில்லை.
இருபது வருஷமாய் நான் குறைசொன்னவளை
தூரதேசத்திலிருந்து யாரோ
பெண்கேட்டதுபோல் இருந்தது.

கலியவரதன் மாவுமில்லில்
பார்லி மால்ட் மூட்டையை இறக்கினேன்.
கஞ்சிக்கா?
ஒருவகையில்.
ரவைப் பதமா?
அதைவிடப் பெரிசு. உமி கிழியக்கூடாது.
கல்லைத் தளர்த்தி, ஒரு பிடி விட்டு,
உள்ளங்கையில் ஊதிப் பார்த்து,
மறுபடி தளர்த்தினார்.
மிளகாய் அரைத்த மிஷின் இல்லையே என்று
இரண்டாம் முறை கேட்டபோது
கோபம் வந்துவிட்டது அவருக்கு.

அரைக் கிலோவை மட்டும் இரும்புச் சட்டியில் வறுத்தேன்.
பாக்கு நிறம், காப்பிக்கொட்டை நிறம்,
அதற்கு மேல் ஒரு நிமிஷம் விட்டால் கரி.
அந்த நிமிஷத்தில் கேஸ்காரர் மணியடித்தார்.
கொஞ்சம் கரிதான்.

அறுபத்தேழு டிகிரி.
மே மாதத்தில் குண்டானுக்குக் கம்பளி போர்த்தினோம்.
அடுத்த மாடியிலிருந்து தனபாக்கியம் அக்கா
யாருக்குக் காய்ச்சல் என்றார்.
ஒரு மணி நேரம் கழித்து
வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு, அதன்மேல் அயோடின்:
நீலம்.
இன்னும் பதினைந்து நிமிஷம்.
மங்கல் ஊதா.
இன்னும் பத்து.
அயோடின் அயோடினாகவே நின்றது.
குண்டானில் விரல் நனைத்து நக்கினேன்,
ஓரம் கருகிய இனிப்பு.
சக்கையை அக்காவின் ஆடுகள் முடித்தன.

ஈஸ்ட் இருபது டிகிரி கேட்டது.
வீடு முப்பத்துநாலில் இருந்தது.
ஈரத்துண்டு சுற்றி, மேஜை விசிறி வைத்து,
இரண்டு இரவு சமாளித்தோம்.
மூன்றாம் இரவு கரண்ட் போனது.
சவரிராயன் சட்டையை மாட்டிக்கொண்டு
தேங்காய்த்திட்டுக்கு ஸ்கூட்டரை விட்டார்.
கோணிக்குள் அரைப்பாளம் ஐஸ் வந்தது,
நடுவில் உறைந்த ஒற்றைச் செதிலோடு.
மீன் வாசம் அடித்தால் என்னைக் கேட்காதே என்றார்.
ஐஸ் வாளிக்கு வெளியேதான் என்றேன்.
குழாய் வழியே அது
க்ளக் என்றது.
நெடுநேரம் கழித்து இன்னொரு க்ளக்.
இருட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தோம்.
கரண்ட் எப்போது வந்ததென்று
இருவருக்குமே தெரியாது.

பழைய பாட்டில் எடுக்க வந்தவரிடம்
நான் பாட்டில் விலைக்குக் கேட்டேன்.
மனிதர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.
லேபிளைச் சுரண்டி, கொதிக்கவைத்து, அடைத்து
கட்டிலடியில் நாற்பது.
ஒரு மத்தியானம் இரண்டு வெடித்தன.
பழுப்புக் கண்ணாடியைக் கூட்டியவர்
ஒன்றும் சொல்லவில்லை,
துடைப்பம்தான் அன்று சத்தமாய்ப் பெருக்கியது.

இன்று ஒன்றைத் திறந்தேன்.
டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தால்
விளிம்பில் மட்டும் சிவப்பு,
நடுவில் ஒன்றும் தெரியவில்லை.
முதலில் அந்த கேஸ்காரரின் கரி,
பிறகு கசப்பு,
எல்லாம் இறங்கிய பின் நாக்கின் அடியில்
சுண்ணாம்பாய் எங்கள் குழாய்.

சவரிராயன் நுரையை முகர்ந்தார்.
காப்பி என்றார்.
கிளாஸைத் திருப்பித் தந்துவிட்டு
அடுப்படிக்குப் போய்
குக்கர் மூடியைத் திறந்து பார்த்தார்.
அங்கிருந்தே குரல் கொடுத்தார்:
பருப்பு இன்னும் வேகலை.