புள்ளிகள்

காலையில் வாழைத்தண்டாய் வெட்டியது.
மதியம் மூன்று மில்லி பிளைவுட்டில்
கோடு கிழித்ததோடு சரி.
'தெய்வநாயகி இல்லம்'
கருகிக் கிடக்கிறது பலகையோடு ஒட்டி.
ஒரு புள்ளிகூட விழவில்லை.

லென்ஸைத் துடைத்தேன்.
மூன்று கண்ணாடிகளையும் நேர்பார்த்தேன்.
முள் பதினெட்டில்தான் நிற்கிறது,
ஒளி எங்கே போகிறது?

பக்கெட் தண்ணீர் முப்பத்தாறு டிகிரி.
முதுநகர் துறைமுகத்து ஐஸ் அரைக்கூடை கொட்டியதும்
இருபத்திரண்டுக்கு இறங்கியது.
அறை முழுக்கக் கானாங்கெளுத்தி வாடை,
வெட்டு அதே வெட்டு.

மாடிப்படியில் நின்று செலஸ்தீன் அக்கா கேட்டாள்:
"நம்ம போர் தண்ணியா ஊத்துன?
அதுல பருப்பே வேகாதேடா."

உப்பு.
குளிர்விக்க வந்த தண்ணீர்
மின்சாரத்துக்குக் கள்ளவழி காட்டியிருக்கிறது.
விரல் நனைத்தபோது சுருக்கென்றதை
வியர்வை என்று நினைத்தேனே!

மஞ்சக்குப்பம் பேட்டரிக் கடையில்
நாலு கேன் வாலைநீர்.
குழாய்க்குள் நகராமல் நின்றது ஒரு குமிழி.
மெஷினைச் சாய்த்துத் தட்டினேன்,
பால் குடித்த பிள்ளைக்கு ஏப்பம் எடுப்பதுபோல்.

இரவு பதினொன்றே கால்.
டிக்.
'ய்' புள்ளி.
பிறகு 'ல்'.
'ம்' வருவதற்குள்
ஊருக்கே கரண்ட் போயிற்று.

இருட்டில் தரையைத் தடவி
இரண்டையும் எடுத்தேன்.
இன்னும் சூடு.