என் இடப்பக்கம்

போன பருவம் நாற்பத்தொரு தடவை
வலைக்குள் குனிந்து பந்தெடுத்தேன்.
எண்ணியது நானல்ல, எங்கள் ஆட்களே.
நான் குனியக் குனியக்
கூட்டாக எண்ணுவார்கள், ஏலத்தில் போல.

இந்தப் பருவம் ஒன்பது.

இடையில் வந்தவர் துவான் ரஸ்மான்.
கொம்பனித்தெரு அணியின் பழைய ஒன்பதாம் இலக்கம்.
ஒரு மழைநாளில், ஒரே ஆட்டத்தில்
எனக்கே நாலு அடித்தவர்.
முழங்கால் போனபின் துறைமுகத்தில்
கிரேன் நிழலில் நின்று கொள்கலன் இலக்கம் குறிக்கிறார்.
அவரை எங்கள் பின்வரிசைக்குப் பயிற்றுநராகப் போட்டபோது
தேநீர்க்கடையில் சிரித்தோம்:
கள்ளனிடமே பூட்டு வாங்குகிறார்கள்.
பாம்பின் கால் பாம்பறியும் என்றார் செயலாளர்.
பாம்புக்குக் கால் ஏது என்றேன் நான்.

முதல் நாள் பந்தே இல்லை.
நாலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய நைலோன் கயிறு.
நால்வர் இடுப்பிலும் சுற்றி முடிச்சுப் போட்டார்.
ஒருவன் முன்னேறினால் நால்வரும்.
ஒருவன் வழுக்கினால் நால்வரும் சேற்றில்.
ஹில்மிக்கு இடுப்பே இல்லை, கயிறு இரண்டு முறை கழன்றது.
இடதுகோடி கொரேரா, முகத்துவாரத்துக்காரன்,
"மாடா நாங்க?" என்று கேட்டான்.
"மாடு இவ்வளவு கத்தாது" என்றார்.

லோகிதனுக்குப் பாடம் தேவைப்படவில்லை.
புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை அவன்.
முதுகில் ஐம்பது கிலோ வெங்காயத்தோடு
கைவண்டிக்கும் முச்சக்கரவண்டிக்கும் நடுவே
தலை நிமிராமல் புகுந்து வருபவன்.
ரஸ்மான்தான் அவனிடம் படித்தார் என்பேன்.
அவன் சந்தைக் கூச்சலை அப்படியே
நால்வரின் பாஷையாக்கினார்:
"வழி" என்றால் விலகு.
"பாரம்" என்றால் நான் போகிறேன், என் இடத்தைப் பிடி.
சிங்களத்தில் மட்டுமே கோபப்படத் தெரிந்த தெனுவனும்
"பாரம்" என்றுதான் கத்துவான்.

ஆறாம் வாரம் கயிற்றை அவிழ்த்தார்.
ஏழாம் வாரம் என் கையுறை காய்ந்தே கிடந்தது.

வேலையில்லாத கோல்காப்பாளன் என்ன செய்வான்?
கம்பத்தில் யாரோ சுரண்டிய பெயர்களை வாசிப்பேன்.
கருவாட்டு வாசம் எந்தப் பக்கக் காற்று என்று கணிப்பேன்.
கடைசி ஆட்டத்தில் இரண்டு தடவை பந்து தொட்டேன்.
ஒன்று, பந்து பொறுக்கும் பையன் எறிந்தது.
வென்றோம். தோளில் தூக்கினார்கள்,
அந்த நால்வரை.

பிறகொரு ஞாயிறு கொத்துரொட்டிக் கடையில்
தகடு அடிபடும் சத்தத்துக்குள் கொரேரா வாய்தவறினான்:
"உன் இடப்பக்கத்தை மட்டும் திறக்கக்கூடாது என்றுதானே
அந்தாள் முதல் நாளே சொன்னது."

மிச்ச ரொட்டி இறங்கவில்லை.

அடுத்த பயிற்சியில், வலை சுருட்டும்போது கேட்டேன்.
"எப்போதிருந்து தெரியும்?"
"நாலு அடித்த அன்று. இரண்டாவது கோலில்."
இடப்பக்கம் விழுமுன் நான் அரை நொடி தயங்குவேனாம்,
வாளித் தண்ணீர் குளிரா என்று விரல் வைத்துப் பார்ப்பவன்போல.
மற்ற இரண்டையும் அங்கேயே வைத்தாராம்.
பதினொரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை,
தன் அணியிடமும்.
"எனக்காவது சொல்லியிருக்கலாம்."
"சொன்னால் யோசித்துக்கொண்டே விழுவாய். இன்னும் பிந்தும்."
சொல்லிவிட்டு முழங்காலைத் தேய்த்தார்.
வலையின் மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொன்னார்.

கோபம் வந்தது.
வந்து, செவ்வாய்க்கிழமை வரை இருந்தது.
புதன் பயிற்சி.

இப்போதெல்லாம், பந்து எதிர்ப்பாதியில் கிடக்கும் நேரங்களில்,
சும்மா ஒரு சோதனைக்கு,
அரை அடி வலப்பக்கம் தள்ளி நின்று பார்ப்பேன்.
காலடிச் சத்தம்கூட வராது, புல் ஈரம்.
ஒருவனும் திரும்பிப் பார்ப்பதில்லை.
லோகிதன் இடப்பக்கம் ஓரடி. தெனுவன் ஓரடி.
கொரேரா, முணுமுணுத்துக்கொண்டே,
ஒன்றரை.