ஒற்றைக் கல்

சொஹார். காலை ஏழரை.
நேற்றுக் குத்திய விரல்களின் ரத்தம்
கண்ணாடித் துண்டுகளில் ஊதா நிறத்தில் காய்ந்திருக்கிறது.
ஒரு துண்டுக்கு இருநூறு வட்டம் பார்க்க வேண்டும்.
நூற்றைம்பதில் எழுந்துபோனால் யாருக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும் என்பதுதான் தொல்லை.

தேடுவது ஒரு மோதிரத்தை:
சிவப்பணுவுக்குள் மெல்லிய வளையம்,
வளையத்தில் ஒரே ஒரு கல்.
மார்த்தாண்டத்து அடகுக்கடையில் இருக்கும்
என் மோதிரமும் அப்படித்தான்.
விசா ஏஜென்டுக்குக் கொடுத்ததில்
கடைசி ஏழாயிரம் அது.
அதை மீட்க வந்து
அடுத்தவர் ரத்தத்தில் மோதிரம் தேடுகிறேன் என்றால்
பக்கத்து மேசை ரெஹானா சிரிப்பாள்.
இரண்டு வருஷமாய் அதே இடத்தில் சிரிக்கிறாள்.

இங்கே ஒன்றும் கிடைப்பதில்லை.
மொஃபிசுல் நீள்கரண்டியோடு வாதிப் பள்ளங்களுக்குப் போவான்;
ஆட்டுத்தொட்டி, பேரீச்சந்தோப்புப் பாத்தி,
கட்டி முடியாத வீட்டின் லிப்ட் குழி.
மொண்டு, வெயிலில் பிடித்து, புழு எண்ணுவான்.
ஃபலஜ் வாய்க்காலில் விட்ட மீன்
அவனுக்கு முன்பே தின்று தீர்த்திருக்கும்.
"மீனுக்கும் சம்பளம் போடணும்" என்பான்,
தனக்குத் தெரிந்த பதினோரு தமிழ்ச் சொற்களிலிருந்து எடுத்து.
சாயங்காலம் ஹமூத் கணினியில் ஏற்றுவார்:
பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

பூஜ்யத்துக்கு யார் பணம் தருவார்கள்?
நான் சேர்ந்தபோது ஆறு வண்டி.
போன வருஷம் நாலு. இப்போது ஒன்று,
அதற்கும் ஏசி ஓடாது.
மஸ்கட்டில் ஓட்டல் ஒன்றில் மண்டலக் கூட்டம்.
சுவரில் வரைபடம்; வளைகுடா முழுக்க வெள்ளை,
தெற்கே மட்டும் மாதுளை உடைந்த சிவப்பு.
கைதட்டினார்களாம். கேக் வெட்டினார்களாம்.
கேக் தின்ற வாயோடு ஒருவர் எழுந்து
இல்லாத நோய்க்கு எதற்கு இத்தனை ஆள் என்றாராம்.
ஒழுகாத கூரைக்கு ஓடு கேட்ட மாதிரிதான்.
இதைச் சொல்லி முடிக்கும்வரை ஹமூத்
ஒரு பேரீச்சங்கொட்டையை மேசையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

கார்த்திகை பிறந்த வாரம் ஒரு துண்டு.
எண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.
நூற்றுத் தொண்ணூற்றாறாவது வட்டம்.
வளையம். கல்.
பக்கத்தில் இன்னொன்று.

என் வாயிலிருந்து வந்தது சந்தோஷச் சத்தம்.
அதை மறைக்கப்போவதில்லை.
ரெஹானா ஓடிவந்தாள்.
ஹமூத் மூன்று முறை குனிந்து பார்த்தார்;
மூன்றாம் முறை அவர் உதடு
பட்ஜெட் தேதிக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தது.

லாரி டிரைவர். பெயர் முக்பில்.
ஹொதெய்தா பக்கம் தங்கை கல்யாணத்துக்குப் போய்
முந்தின வாரம் திரும்பியவன்.
இரண்டு கம்பளிக்குள்ளும் பல் தந்தியடித்தது.
நான்தான் கண்டுபிடித்தேன் என்று அறிந்ததும்
விட்டுவிட்டுச் சொன்னான்:
எங்கள் ஊரிலும் இந்த வேலைக்கு ஒரு பெண் உண்டு.
மைக்ராஸ்கோப்புக்கு எண்ணெய் வருவது நின்று எட்டு மாதம்.
சம்பளம் நின்று பதினாலு.
யாரோ எங்கோ கொடுத்துவந்ததை நிறுத்திவிட்டார்கள்.
ஆனாலும் காலையில் வந்து கதவைத் திறந்து உட்கார்ந்திருப்பாள்,
வருகிறவர் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பாள்.

மாத்திரை மூன்று நாள். எழுந்து நடந்துவிட்டான்.
அவன் தங்கிய கொட்டகையைச் சுற்றி
மொஃபிசுல் இரண்டு இரவு மருந்தடித்தான்.
ஜனவரியில் கோப்பு திரும்பி வந்தது:
இன்னும் ஒரு வருஷம், கூட இரண்டு வண்டி.
அவனுடைய காய்ச்சல் எங்களுக்கு வாங்கித் தந்தது.
ஹமூத் ஹல்வா கொண்டுவந்தார், பன்னீர் மணக்க.
விரலில் ஒட்டியது கழுவியும் போகவில்லை.

இன்று இருபத்தெட்டுத் துண்டு.
எண்ணெய்ப் புட்டியில் முக்கால் இருக்கிறது.
துண்டுக்கு ஒரு சொட்டு.
விடுவதற்கு முன் கை சற்று நிற்கிறது.

அவள் பெயரையாவது கேட்டு வைத்திருக்கலாம்.