வெளியேறும் வழிகள்: இரண்டு

படிவத்தில் நான்காம் கேள்வி:
ஆபத்து நேர்ந்தால்
அரங்கம் காலியாக எத்தனை நிமிடம்?

தீயணைப்புத் துறை முத்திரையோடு
லிஸ்பனிலிருந்து வந்திருந்தேன்.
அசோர் தீவுக் கூட்டத்தில்
பெயர் சொன்னால் கப்பல்காரரும் ஒரு கணம் யோசிக்கும் தீவு.
இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கை.
மரத் தரை, மரக் கூரை, மர உப்பரிகை.
பார்த்ததுமே பூட்டச் சொல்லியிருக்கலாம்.

சாவி தெயோலிந்தாவிடம்.
காலையில் மீன் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு,
மாலையில் இதற்குக் காவல்.
சாவியிலும் சூரை மீன் வாடை.
"ஒன்றரை நிமிடம்" என்றாள்
நான் கேட்டு முடிக்குமுன்.

மேடை விளிம்பில் வரிசையாய்த் தகரக் குழிகள்;
திமிங்கல எண்ணெய் விளக்குகள் எரிந்த இடம்.
தொட்டேன்.
விரலில் ஒட்டியது
யாரோ கைதட்டிய இரவுகளின் கரி.
பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர்
அந்த எண்ணெயைக் கொண்டுவந்தவர்கள்.
மீதிப்பேர்
அவர்கள் திரும்பும்வரை உலையை இறக்காதவர்கள்.

குன்றின் மேல் ஒருவன் எப்போதும் கடலைப் பார்த்திருப்பான்.
தூரத்தில் மூச்சுத் தாரை எழுந்தால்
வாணம் விடுவான்.
ஒரே வெடி.
கதாநாயகி விஷத்தை வாயருகே கொண்டுபோயிருந்தாலும் சரி,
பெஞ்சுகள் காலி.
தொப்பியைத் தேடி நின்றவன் கிடையாது.

"ஒரு ஞாயிறு ராஜாவே ஓடினார்."
எர்க்குலானோ, மற்ற நாளில் துடுப்பு வலிப்பவர்.
ஆட்டுமயிர்த் தாடி, அட்டைக் கிரீடம்,
மந்திரிக்குத் தண்டனை சொல்ல வாயெடுத்த நேரம்.
தாடியோடே படகேறினார்.

மந்திரி மட்டும் போகவில்லை.
செஃபெரீனோ, பீப்பாய் செய்பவர்,
இடது கால் மடங்காது;
எந்தப் படகும் ஏற்றாது.
ஒற்றைக் காலில் மண்டியிட்டபடி
மேடையிலேயே இருந்தார்,
விளக்குகள் எண்ணெய் தீர்ந்து அணையும்வரை.

நான்கு படகு போனது. மூன்று வந்தது.

வசனம் எடுத்துக்கொடுத்தவளின் பிரதியைக்
கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினாள்.
"ஆகவே நான் உனக்கு விதிப்பது"
அதன் பக்கத்தில் பென்சிலில்: திமிங்கலம்.
அதற்கு மேல் உள்ள தாள்களில்
விரல் அழுக்குகூட இல்லை.

அந்த நாடகத்தை யாரும் திரும்பத் தொடவில்லை.
செஃபெரீனோ எண்பத்தொரு வயதுவரை பீப்பாய் செய்தார்.
ஊர் அவரை மந்திரி என்றே கூப்பிட்டது.
குடித்த இரவுகளில் மட்டும்
மூடிய கதவைத் தட்டி
தீர்ப்பு என்ன ஆச்சு என்று கேட்பாராம்.

உப்பரிகையின் மின்கம்பிகளை மாற்றச் சொல்லி எழுதினேன்.
நான்காம் கேள்விக்கு ஒன்றரை என்று எழுதினேன்.
கடைசிக் கட்டம்:
மூடுக, தொடர்க.
ஒன்றை அடிக்க வேண்டும்.
பேனா மூடியைக் கழற்றினேன்.

துறையில் கடைசிப் படகின் சங்கு.

பை, குடை, காகிதம் எல்லாம் அள்ளிக்கொண்டு
படிகளில் தடதடவென்று இறங்கினேன்.
பின்னாலிருந்து தெயோலிந்தா கத்தினாள்:
"இருபத்திரண்டு நொடி!"