மண்குதிரையின் சாணி

மூன்று நாள் மழைக்குப் பின்
சாக்கோட்டைக்குத் தெற்கே தைலமரக் காட்டில்
வண்டித்தடத்தின் நடுவே
செம்பொறையைப் பிளந்துகொண்டு நின்றது.
நான்கு விரல் உயரம்.
தலை சிதைந்து, அடியில் மஞ்சள் நாராய் வேர்.

"அய்யனார் குதிரை ராத்திரி போட்டது"
என்றாள் பஞ்சவர்ணம்.
கோயில் கூப்பிடு தூரம்.
குதிரைகள் சுட்ட மண்.
ஆனாலும் உவமையில் பிழையில்லை,
பார்த்தால் அதுவேதான்.
அவளுடைய பதிமூன்று ஆடுகளும்
முகர்ந்துவிட்டு விலகியிருந்தன.

கையேட்டைப் பிரித்தேன்.
அது கேள்வியாகவே பேசும்.
குடை உண்டா? இல்லையெனில் பதினேழுக்குப் போ.
செதிள் உண்டா? இல்லையெனில் இருபத்து மூன்று.
மணிக்கணக்குக் கூலிக்குத்
தாவரவியல் சொல்லித்தரும் எனக்கு
இந்த 'இல்லையெனில்' பழக்கம்தான்.
மணம்? என்றது இருபத்து மூன்று.
எனக்கு ஈரக் காகிதம்.
அவளுக்கு ரேஷன் கடைச் சாக்கு.
புத்தகத்தில் இரண்டும் இல்லை.

பேனாக்கத்தியால் நெடுக்காக அறுத்தேன்.
தார்க் கருப்புக்குள்
பருப்புப் பருப்பாய் அறைகள்.
அடியில் வெளிர்மஞ்சள், இன்னும் ஈரம்.
நடுவில் பழுப்பு.
உச்சியில் எல்லாம் உடைந்து
மலிவான தேயிலைத் தூள்.
ஒரே வீட்டில்
கீழ்க்கட்டில் தொட்டில்,
மாடியில் பதினாறாம் நாள்.

விரலில் ஏறிய சாயம்
ஓட்டுப் போட்ட மை மாதிரி
வெள்ளிக்கிழமை வரை போகவில்லை.

கல்லூரி நுண்ணோக்கியின் பெரிய லென்ஸில்
ஏற்கெனவே ஒரு பூஞ்சை குடியிருக்கிறது.
புகார் எழுதி இரண்டு வருடம்.
அதன் கிளைகளுக்கிடையே
ஒதுங்கி ஒதுங்கிப் பார்த்தேன்.
பழுப்பு உருண்டைகள், உடம்பெல்லாம் முள்,
பொடியிலும் பொடியான ஊமத்தங்காய்கள்.
பைசோலித்தஸ்.
வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.
கதவைப் பூட்ட வந்த காவலாளி
"என்ன மேடம்?" என்றார்.

பத்து நாள் கழித்துப் போய்
அவளிடம் சொன்னேன்.
பேரை ஒருமுறை மென்று பார்த்துத் துப்பினாள்.
"பேரு கெடக்கட்டும்.
இது என்ன வேலை பாக்குது?"

தைலமரத்து வேரைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும்.
வேர் எட்டாத இண்டு இடுக்கு ஈரத்தையும்
உறிஞ்சிக் கொடுக்கும்.
மரம் கூலியாகச் சர்க்கரை தரும்.
இது இல்லாவிட்டால் இந்தப் பொறையில்
இந்த மரம் இப்படி நிற்காது
என்றேன், வகுப்பில் சொல்வதைப் போல.

அவள் காட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.
ஊருணி.
மூன்று நாள் மழை பெய்தும்
ஆட்டின் குளம்பு நனையும் அளவுதான்
அடியில் கிடந்தது.

"அப்ப இவன்தானா கூட்டாளி"
என்று, இருந்ததில் பெரியதைப் பார்த்து
ஓங்கி ஒரு உதை விட்டாள்.

பழுப்புப் புகை எழுந்தது.
சேலைக் கரையில், ஆட்டு முதுகில்,
என் மூக்குக்கண்ணாடியில் கொஞ்சம் படிந்து
மீதி எதிர்வெயிலில் மினுங்கியபடி
கிழக்கே போயிற்று,
முந்திரித் தோப்பையும் தாண்டி,
புதிதாகத் தைலக்கன்று நட்டிருக்கிற பக்கம்.

அதற்கு வேண்டியிருந்தது
அந்த ஓர் உதைதான்.
கையேட்டில் போட்டிருக்கிறது.

நான் சொல்லவில்லை.
மூச்சிரைக்க நின்றாள்.
முகத்தில் அப்படியொரு நிறைவு.